குவளையிலும் சுவரிலும் ரேகை தேடிய மருத்துவர்: டாக்டர் ஹென்றி ஃபால்ட்ஸ்



நம் ஊர்ப் பள்ளிகளின் பழைய நிக்காஹ் பதிவேடுகளைப் புரட்டுவோர், கையொப்பங்களுக்கு இடையிடையே மையில் பதிந்த பெருவிரல் ரேகைகளைக் காணலாம். எழுதப் படிக்க வாய்ப்பில்லாதிருந்த பெரியவர்கள் வைத்த கைநாட்டுகள் அவை. ஒருவர் தாமே முன்வந்து, சாட்சிகளின் முன்னிலையில், விரலில் மை தொட்டு வைத்த அடையாளம் அது. அதனை அவர் மறுப்பதில்லை, நாமும் ஐயுறுவதில்லை.

இதற்கு முற்றிலும் மாறான ரேகை ஒன்றுண்டு. நாம் அருந்திய குவளையில், தள்ளித் திறந்த கதவில், புரட்டிய காகிதத்தில், நம் விரல்கள் நம்மைக் கேளாமலே விட்டுச் செல்லும் ரேகை அது. மையும் இல்லை, சாட்சியும் இல்லை. பெரும்பாலும் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. கைநாட்டு வைக்கும் வழக்கம் ஆசிய நாடுகளில் பன்னூறு ஆண்டுகள் பழமையானது. ஆனால் இந்த இரண்டாம் வகை ரேகையைக் கொண்டு ஒரு செயலைச் செய்தவர் யார், செய்யாதவர் யார் என்று பிரித்தறியலாம் என்பதை நடைமுறையில் செய்து பார்த்து, உலகறிந்த அறிவியல் இதழொன்றில் வெளியிட்டவர் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவரான டாக்டர் ஹென்றி ஃபால்ட்ஸ் ஆவார். காவல்துறையினரும் தடயவியல் மாணவர்களும் நன்கறிந்த பெயர் இது. அவருடைய வாழ்வை இம்மலரில் நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அவர் ஒரு நுட்பத்தைக் கண்டார் என்பது மட்டுமன்று. அந்த நுட்பத்தின் எல்லை எதுவென்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். முதலாவதை உலகம் விரைவிலேயே எடுத்துக்கொண்டது. இரண்டாவதைக் கேட்க அதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது.

ஃபால்ட்ஸ் 1843ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியிலுள்ள பீத் என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பத்தின் செல்வம் கரைந்துபோகவே, 13ஆம் வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு கிளாஸ்கோ நகருக்கு எழுத்தர் வேலைக்குச் செல்ல நேர்ந்தது. சால்வை தயாரிக்கும் நிறுவனம் ஒன்றிலும் தொழில் பழகினார். நம் பெண்மணிகள் மாங்காய்க் கரை என்று கூறும் வேலைப்பாட்டுக்கு ஸ்காட்லாந்துச் சால்வைகள் அக்காலத்தில் பெயர் பெற்றவை. பிற்காலத்தில் விரல் நுனியின் வளைவுகளையும் சுழிகளையும் அவர் அத்துணைப் பொறுமையோடு பிரித்துப் பார்த்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

21ஆம் வயதில் மீண்டும் கல்வியைத் தொடங்கினார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதம், தர்க்கம், பண்டைய மொழிகள் ஆகியவற்றைப் பயின்றபின் ஆண்டர்சன் கல்லூரியில் மருத்துவம் முடித்தார். 1871இல் கிறித்தவ ஊழிய அமைப்பின் மருத்துவராக நம் நாட்டின் டார்ஜிலிங்குக்கு அனுப்பப்பட்டு, ஏழைகளுக்கான மருத்துவமனையில் பணியாற்றினார். 1873இல் இசபெல்லா வில்சன் என்ற பெண்மணியை மணந்தார். அவ்வாண்டு இறுதியில் தம்பதியர் ஜப்பானுக்குப் புறப்பட்டனர். அவருடைய சமயப் பணி அவருக்குரியது. நாம் பேச வந்தது அவருடைய மருத்துவமனையையும் அங்கே நடந்தவற்றையும் பற்றியே.

1874இல் டோக்கியோ நகரின் சுக்கிஜி பகுதியில், வெளிநாட்டார் குடியிருக்க ஒதுக்கப்பட்ட இடத்தில், ஃபால்ட்ஸ் மருத்துவமனை தொடங்கினார். அறுவைச் சிகிச்சையில் புண் சீழ் பிடிக்காமல் தடுக்க ஜோசப் லிஸ்டர் வகுத்த முறைகளை ஜப்பானிய மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1875இல் பார்வையற்றோர் நலனுக்காக அமைந்த ரகுசென்காய் என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். அச்சங்கத்தின் முயற்சியால் பார்வையற்றோர் பள்ளியும் எழுந்தது. வாந்திபேதி பரவிய காலங்களில் அதனைத் தடுக்கப் பாடுபட்டார். 1882 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் அம்மருத்துவமனையில் சிகிச்சை பெற்றதாகக் கூறப்படுகிறது. ஜப்பானிய மொழியைச் சரளமாகப் பேசக் கற்றுக்கொண்ட அவர், மாணவர்களுக்கு உடலியலும் போதித்து வந்தார். இத்தனை அலுவல்களுக்கு இடையே விரல் நுனியைப் பற்றி ஆராய நேரம் கண்ட மனிதர் அவர்.

அந்த ஆராய்ச்சி தொடங்கியது மருத்துவத்திலன்று, மண்பாண்டத்தில். 1877இல் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க அறிஞர், டோக்கியோவுக்கு அருகே ஓமோரி என்னுமிடத்தில் பழங்காலச் சிப்பி மேடு ஒன்றைத் தோண்டி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய பானை ஓடுகளை வெளிக்கொணர்ந்தார். மோர்ஸின் நண்பரான ஃபால்ட்ஸ் அத்தகைய ஓடுகளை உற்று நோக்குகையில், மண் ஈரமாயிருந்தபோது அதைப் பிசைந்த கைகளின் ரேகைகள் அப்படியே காய்ந்து உறைந்திருப்பதைக் கண்டார். பானை செய்தவர் மண்ணோடு மண்ணாகிவிட்டார். அவர் விரல் தொட்ட இடம் மட்டும் அழியாதிருந்தது. ஒரு பானையைச் செய்தவரை இன்னொரு பானையைச் செய்தவரிடமிருந்து இந்த ரேகையால் பிரித்தறிய முடியுமா என்னும் வினா அவருள் எழுந்தது.

வினா எழுந்தபின் அவர் சும்மா இருக்கவில்லை. தம் விரல்களையும், மாணவர், நண்பர், அண்டை வீட்டார் விரல்களையும் மையில் தோய்த்துத் தாளில் பதித்துச் சேர்த்தார். தகரத் தகட்டில் அச்சு மையை மெல்லியதாகப் பரப்பி, அதில் விரலை வைத்துப் பின் தாளில் பதிக்கும் அவருடைய முறை பிற்காலக் காவல் நிலையங்களிலும் நிலைத்தது. ரேகை மாறுமா என்றறிய, விரல் நுனித் தோலைக் கத்தியால் மழித்தும், நுரைக்கல்லாலும் உப்புத்தாளாலும் தேய்த்தும், அமிலத்தால் அரித்தும் பார்த்தனர். தோல் மீண்டும் வளர்ந்தபோதெல்லாம் பழைய கோடுகளே, பழைய இடங்களிலேயே திரும்பி வந்தன. குழந்தைகள் வளரும்போது ரேகை பெரிதாகிறதே தவிர அதன் அமைப்பு மாறவில்லை என்பதையும் தொடர்ந்து கவனித்து உறுதி செய்துகொண்டார்.

இந்நிலையில்தான் இரு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. முதலாவது சற்றே வேடிக்கையானது. மருத்துவ உபயோகத்துக்கென வைத்திருந்த தூய சாராயத்தை யாரோ எடுத்துக் குடித்துவந்தனர். குடித்த பாத்திரத்தில் எண்ணெய்ப் பசையுள்ள விரல் அடையாளம் இருந்தது. தம்மிடமிருந்த சேகரிப்போடு அதனை ஒப்பிட்டு ஆளைக் கண்டுகொண்டார் ஃபால்ட்ஸ்.

இரண்டாவதே நம் நெஞ்சில் நிற்க வேண்டியது. வெள்ளையடித்த சுவரொன்றில் யாரோ ஏறிய அடையாளமாகக் கரி படிந்த விரல் தடங்கள் காணப்பட்டன. ஒருவர் மீது சந்தேகம் விழுந்தது. ஃபால்ட்ஸ் அவருடைய ரேகையை எடுத்துச் சுவர்த் தடத்தோடு வைத்துப் பார்த்தார். இரண்டும் வேறு வேறு. சந்தேகிக்கப்பட்டவர் அச்சுவரில் ஏறவில்லை என்பது தெளிவாயிற்று. அங்கே சிக்கியவர் எவருமில்லை, பழியிலிருந்து ஒருவர் தப்பினார் என்பது கவனிக்கத்தக்கது. ரேகை ஒத்துப்போனால் இவர்தான் என்று சொல்வதற்கு எவ்வளவோ ஆய்வு தேவை. தெளிவான ரேகை ஒத்துப்போகாவிட்டால் இவரல்லர் என்று சொல்ல ஒரே ஒரு வேறுபாடு போதும். இந்த ஏற்றத்தாழ்வை ஃபால்ட்ஸ் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். பிற்காலத்தில் அவர் நடத்திய சண்டைகள் பலவற்றுக்கும் வேர் இதுவே.

நிற்க. எண்ணெயும் கரியும் பட்ட ரேகையைக் கண்ணால் காணலாம். வெறும் விரல் விட்டுச் சென்ற, கண்ணுக்குத் தெரியாத ரேகையை எவ்வாறு எடுப்பது? ஃபால்ட்ஸின் வாழ்நாளிலும் அதற்குப் பின்னும் வளர்ந்த அந்தக் கலையைச் சிறிது விளக்கினாலன்றி அவருடைய பணியின் அருமை விளங்காது.

விரல் நுனி மேடுகளில் நுண்ணிய வியர்வைத் துளைகள் உள்ளன. வியர்வையில் பெரும்பகுதி நீர். எஞ்சியது உப்பும், அமினோ அமிலம் முதலிய பொருள்களும். முகத்தையும் தலைமுடியையும் தொடுவதால் எண்ணெய்ப் பசையும் விரலில் சேர்கிறது. ஒரு பொருளைத் தொடும்போது இந்தக் கலவை, மேடுகளின் வடிவத்திலேயே அதன்மேல் படிகிறது. அப்பொருள் எத்தகையது என்பதைப் பொறுத்தே ரேகையை எடுக்கும் முறை அமையும். கண்ணாடி, பீங்கான், மெருகிட்ட மரம் போன்றவை எதையும் உறிஞ்சுவதில்லை. ரேகை மேலேயே கிடக்கும். மென்மையான தூரிகையால் அலுமினியத் தூளையோ கரித்தூளையோ பட்டும் படாமலும் தடவினால், பசையுள்ள கோடுகளில் மட்டும் தூள் ஒட்டும். புகைப்படம் எடுத்துக்கொண்டு, ஒட்டுநாடாவை அதன்மேல் அழுத்தி உரித்தால் ரேகை நாடாவோடு வந்துவிடும்.

காகிதத்தில் இது அவ்வளவாகப் பலிப்பதில்லை. வியர்வையைக் காகிதம் உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்கிறது. எனவே ரசாயனம் உள்ளே சென்று தேட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அயோடின் ஆவியும் வெள்ளி நைட்ரேட்டும் இதற்குப் பயன்பட்டன. அயோடின் ஆவி கொழுப்பில் ஏறிப் பழுப்பாகக் காட்டும், சற்று நேரத்தில் மறைந்தும் போகும். வெள்ளி நைட்ரேட் வியர்வை உப்போடு வினைபுரிந்து வெளிச்சத்தில் கறுக்கும். 1954இல் சுவீடன் நாட்டு அறிஞர்கள், அமினோ அமிலத்தோடு சேர்ந்தால் ஊதா நிறம் தரும் நின்ஹைட்ரின் என்ற பொருளை ரேகை எடுக்கப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டனர். பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த கடிதத்திலிருந்துகூட இதனால் ரேகை எடுக்க முடிகிறது. ஆனால் அக்கடிதம் மழையில் நனைந்திருந்தால் அமினோ அமிலம் கரைந்தோடியிருக்கும். அப்போது நீரில் கரையாத கொழுப்பை நாடும் வேறொரு கரைசலைப் பயன்படுத்த வேண்டும். நனைந்த கண்ணாடியில் தூள் தடவுவது ரேகையைக் கெடுக்கும் என்பதால், நுண்துகள் கலந்த நீர்மத்தைத் தெளித்துக் கழுவும் முறை வேறாக உள்ளது. இரத்தம் பட்ட விரல் தடத்துக்குப் புரதத்தில் ஏறும் சாயமும், ஒட்டுநாடாவின் பசைப் பக்கத்துக்கு ஊதாச் சாயமும் பயன்படுகின்றன. முறையின் வரிசை தவறினால் முன்னது பின்னதைக் கெடுத்துவிடும். கெட்ட ரேகை திரும்ப வராது. ஆகவே முதலில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்துப் புகைப்படம் எடுப்பதும், பொருளைக் கெடுக்காத முறைகளை முன்னும் கெடுப்பனவற்றைப் பின்னும் கையாள்வதும் இத்துறையின் ஒழுங்கு.

பிளாஸ்டிக் பைக்கான முறை ஃபால்ட்ஸ் வாழ்ந்த ஜப்பானிலேயே கண்டறியப்பட்டது வியப்புக்குரியது. 1970களின் இறுதியில் அந்நாட்டுக் காவல்துறை ஆய்வகம் ஒன்றில், கண்ணாடிச் சில்லுகளில் முடியை ஒட்டிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர், பசையின் ஆவி பட்டுத் தம் விரல் ரேகைகள் வெண்மையாக எழும்புவதைக் கண்டார். நாம் வீட்டில் உடைந்த பொருளை ஒட்டப் பயன்படுத்தும் ஃபெவிக்விக் வகைப் பசையே அது. அடைத்த பெட்டிக்குள் பொருளை வைத்து அப்பசையை ஆவியாக்கினால், ரேகைக் கோடுகளின் மேல் அது வெள்ளையாக இறுகிப் படிகிறது.

மீண்டும் ஃபால்ட்ஸிடம் வருவோம். 1880ஆம் ஆண்டு தொடக்கத்தில் தம் கண்டுபிடிப்பை விவரித்துச் சார்லஸ் டார்வினுக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார். முதுமையும் நோயும் வாட்டிய டார்வின் அதைத் தம் உறவினரான பிரான்சிஸ் கால்டனுக்கு அனுப்பினார். கால்டன் அதை மானிடவியல் சங்கத்துக்குத் தள்ளிவிட்டார். கடிதம் அங்கே பல்லாண்டுகள் கிடந்தது. ஃபால்ட்ஸ் காத்திருக்கவில்லை. கைத்தோலின் வரிப்பள்ளங்கள் பற்றிய அவருடைய கட்டுரை 1880 அக்டோபர் 28ஆம் நாளிட்ட நேச்சர் இதழில் வெளிவந்தது. பானை ஓடு, சாராயப் பாத்திரம், வெள்ளைச் சுவர் எல்லாம் அதில் இடம்பெற்றிருந்தன.

அடுத்த மாதமே அதே இதழில் மற்றொரு கடிதம் வந்தது. எழுதியவர் வங்காளத்தில் நிர்வாக அதிகாரியாயிருந்த வில்லியம் ஹெர்ஷல். 1858இலேயே ஜங்கிப்பூரில் ராஜ்யதர் கொனாய் என்ற ஒப்பந்தக்காரரின் கைப்பதிவை ஒப்பந்தத்தாளில் வாங்கியவர் அவர். பின்னர் ஹூக்ளியில் ஓய்வூதியம் பெறுவோர் ஆள்மாறாட்டம் செய்யாதிருக்கவும், பத்திரப் பதிவிலும் விரல் பதிவை நடைமுறைப்படுத்தினார். காலத்தால் முந்தியவர் ஹெர்ஷல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் கையாண்டது நாம் தொடக்கத்தில் கூறிய முதல் வகை, அதாவது ஒருவர் அறிந்து வைக்கும் கைநாட்டு. குற்றம் நடந்த இடத்தில் விடப்பட்ட ரேகையைப் பற்றி அவர் பேசவில்லை. இருவரும் இரு வேறு கதவுகளைத் திறந்தவர்கள் என்று பிரித்துப் பார்த்திருந்தால் சண்டைக்கே இடமில்லை. சம்பந்தப்பட்டவர்கள் அவ்வாறு பார்க்கவில்லை.

1880களின் நடுவில், ஊழிய அமைப்போடு ஏற்பட்ட பிணக்கினால் ஃபால்ட்ஸ் நாடு திரும்பினார். லண்டன் காவல்துறையின் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டிடம் தம் முறையை எடுத்துக் கூறினார். 1888இல் டன்பிரிட்ஜ் என்ற இன்ஸ்பெக்டர் அவரைச் சந்தித்து விவரங்களைக் கேட்டுச் சென்றார். முறை நல்லதாயினும் நடைமுறைக்கு ஒவ்வாது என்று அது கைவிடப்பட்டது. இதே டன்பிரிட்ஜ் பின்னாளில் நியூசிலாந்து காவல்துறையின் தலைவராகி, அங்கே விரல் ரேகை முறையைக் கொண்டுவந்தார்! கால்டனோ 1888 முதல் ரேகையைப் பற்றி உரையாற்றி, 1892இல் பெயர் பெற்ற நூலொன்றை வெளியிட்டார். அதில் ஹெர்ஷலுக்குப் புகழ் கிடைத்தது. ஃபால்ட்ஸ் ஓரத்தில் நின்றார்.

ஆயிரக்கணக்கான ரேகைத் தாள்களை வகைப்படுத்தித் தேடி எடுக்கும் வழி நம் நாட்டிலேயே பிறந்தது. 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகை நிலையம் அமைந்தபோது, காவல் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய காஜி அஜீஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இருவர் அதற்கான கணக்கை வகுத்தனர். பத்து விரல்களின் அமைப்பைக் கொண்டு தாள்களை 1,024 பிரிவுகளாக அடுக்கும் அந்த முறைக்கு ஹென்றியின் பெயரே நிலைத்தது. பெயர் மாறிப்போன வருத்தம் ஃபால்ட்ஸுக்கு மட்டும் உரியதன்று என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டோம். 1901இல் ஹென்றி லண்டனுக்கு மாற்றப்பட்டு, ஸ்காட்லாந்து யார்டில் விரல் ரேகைப் பிரிவைத் தொடங்கினார். மறு ஆண்டே, ஒரு வீட்டில் புதிதாக வர்ணம் பூசிய சன்னல் சட்டத்தில் பதிந்த பெருவிரல் தடத்தைக் கொண்டு, பில்லியர்ட்ஸ் பந்துகளைத் திருடிய ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது. ஸ்டாஃபர்ட்ஷயரின் ஃபென்டன் நகரில் காவல்துறை மருத்துவராகக் காலம் கழித்துக்கொண்டிருந்த ஃபால்ட்ஸ் இவற்றையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

1905 மார்ச் 27ஆம் நாள். லண்டனை அடுத்த டெப்ட்ஃபோர்டில் வர்ணம், எண்ணெய் விற்கும் கடையொன்றை நிர்வகித்து, அங்கேயே வசித்துவந்த ஃபேரோ என்ற முதியவரும் அவர் மனைவியும் கொடூரமாகத் தாக்கப்பட்டனர். முதியவர் அங்கேயே இறந்தார். மனைவி சில நாட்களில் இறந்தார். காலிப் பணப்பெட்டியின் உட்தட்டில் வியர்வைப் பெருவிரல் தடம் ஒன்று இருந்தது. ஆல்ஃபிரட் ஸ்ட்ராட்டன், ஆல்பர்ட் ஸ்ட்ராட்டன் என்ற சகோதரர்கள் பிடிபட்டனர். மூத்தவரான ஆல்ஃபிரடின் வலது பெருவிரலோடு தடம் பதினொரு இடங்களில் ஒத்துப்போகிறது என்று ஸ்காட்லாந்து யார்டின் காலின்ஸ் நீதிமன்றத்தில் விளக்கினார். பிரிட்டனில் ரேகையை முன்வைத்து நடந்த முதல் கொலை வழக்கு இது. ஒரு மனித உயிர் ஒரு பெருவிரல் தடத்தில் தொங்கி நின்றது.

அப்போது ஃபால்ட்ஸ் எந்தப் பக்கம் நின்றார்? எதிரிகளின் பக்கம்! தம் வாழ்நாள் கண்டுபிடிப்பு முதன்முதலாக இத்துணைப் பெரிய வழக்கில் ஏறும் வேளையில், அதனை எதிர்க்கும் வழக்கறிஞர்களுக்குத் துணை நின்றார். பொறாமையால் செய்தார் என்று சொன்னவர்கள் உண்டு. ஹென்றி மீதும் கால்டன் மீதும் அவருக்கு மனக்கசப்பு இருந்தது உண்மையே. ஆனால் அவருடைய எழுத்துகளை நோக்கும்போது, வாதம் வேறென்பது புலனாகிறது. பத்து விரல்களும் தெளிவாகப் பதிந்த தாளை இன்னொரு தாளோடு ஒப்பிடுவது ஒன்று. குற்றம் நடந்த இடத்தில் கலங்கிக் கிடக்கும் ஒற்றைத் தடத்தைக் கொண்டு ஒருவரைத் தூக்கில் ஏற்றுவது மற்றொன்று. ஒற்றை விரலின் ஒரு பகுதி இன்னொருவருடையதை எந்த அளவுக்கு ஒத்திருக்கக்கூடும் என்பது ஆராயப்படாத நிலையில், அவ்வளவு உறுதியாகப் பேசலாகாது என்பதே அவர் நிலை.

வழக்கில் நடந்ததோ வேறு. எதிரித் தரப்பின் ரேகை நிபுணராக வந்தவர் டாக்டர் கார்சன். அவர் இரு தரப்புக்கும் தம் சேவையை அளிப்பதாக ஒரே சமயத்தில் கடிதம் எழுதியிருந்தது அம்பலமாயிற்று. நம்பத்தகாத சாட்சி என்று நீதிபதி அவரைக் கண்டித்தார். சாட்சி சொல்லக் காத்திருந்த ஃபால்ட்ஸ் அதன்பின் கூண்டுக்கு அழைக்கப்படவே இல்லை. ஒருவருடைய நேர்மைக் குறைவால் இன்னொருவருடைய நேர்மையான ஐயம் கேட்கப்படாமற் போயிற்று. ஆயினும் நீதிபதி சானல், ரேகையை மட்டுமே நம்பி முடிவெடுக்க வேண்டாமென்று ஜூரர்களுக்கு எச்சரிக்கை செய்தார். வேறு சாட்சியங்களும் சகோதரர்களுக்கு எதிராகவே இருந்தன. இருவரும் மே 23ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் குற்றவாளிகளே என்பதில் நமக்கும் பெரிய ஐயம் இல்லை. ஆனால் அந்த வழக்குக்குப் பின் ஒற்றை ரேகை தவறவே தவறாது என்ற நம்பிக்கை நீதிமன்றங்களில் வேரூன்றிவிட்டது. ஃபால்ட்ஸ் அஞ்சியது அதைத்தான்.

அந்த அச்சம் வீணன்று என்று காட்டிய முதல் பெரிய வழக்கு, அவர் பிறந்த ஏர்ஷயரிலேயே நிகழ்ந்தது. 1997இல் கில்மார்னக் நகரில் மூதாட்டி ஒருவர் கொலையுண்டார். அவர் வீட்டுக் குளியலறைக் கதவுச் சட்டத்தில் இருந்த பெருவிரல் தடம், புலனாய்வில் ஈடுபட்ட பெண் காவலர் ஒருவருடையது என்று நிபுணர்கள் அடித்துக் கூறினர். வீட்டுக்குள் நுழையவே இல்லை என்று அவர் மறுத்தார். பொய்ச்சாட்சி சொன்னதாக அவர் மீதே வழக்குத் தொடுக்கப்பட்டு, 1999இல் விடுதலையானார். அதே கொலையில், ஒரு தகரப் பெட்டியில் கிடைத்த ரேகையை முக்கியச் சான்றாகக் கொண்டு தண்டனை பெற்றிருந்தவரின் தீர்ப்பும் 2002இல் ரத்தாயிற்று. 2011இல் வெளியான விசாரணை அறிக்கை இரு ரேகைகளுமே தவறாக அடையாளம் காணப்பட்டவை என்று கூறி, ரேகைச் சான்றை மறுக்க முடியாத உண்மையாகக் கொள்ளாமல் நிபுணரின் கருத்தாகவே கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது.

மற்றொன்று நம் சமுதாயத்தாரைத் தொட்டது. 2004 மார்ச் 11ஆம் நாள் ஸ்பெயினின் மாட்ரிட் நகர ரயில்களில் வெடித்த குண்டுகள் 190க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. வெடிபொருள் உதிரிகள் இருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்த ரேகையை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் கணினியில் தேடியது. கணினி, ஒத்திருக்கக்கூடிய இருபது பேரைக் காட்டியது. அவர்களுள் இஸ்லாத்தைத் தழுவிய ஒரு வழக்கறிஞரின் ரேகையே அது என்று நிபுணர்கள் முடிவு செய்தனர். ஒத்துப்போகவில்லை என்று ஸ்பெயின் காவல்துறை ஏப்ரல் மாதத்திலேயே தெரிவித்த பிறகும், மே 6ஆம் நாள் அவர் காவலில் வைக்கப்பட்டார். அல்ஜீரியர் ஒருவருடைய ரேகை அது என்று ஸ்பெயின் கண்டறிந்தபின் மே 20இல் விடுவிக்கப்பட்டார். அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, 2006இல் இருபது லட்சம் டாலர் இழப்பீடும் வழங்கியது. முதல் தவறு நேர்ந்தபோது நிபுணர்களுக்கு அவருடைய மார்க்கம் தெரியாது. ஆனால் கேள்விகள் எழுந்தபின் அவர்கள் போதுமான மறுபரிசீலனை செய்யாததற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அறிக்கையே எழுதியது. இங்கே ரேகையை எடுத்ததில் பிழையில்லை. எடுத்த ரேகையைப் படித்த கண்களில்தான் பிழை.

இன்னொன்றும் உண்டு. ரேகை, ஒருவர் ஒரு பொருளைத் தொட்டார் என்பதைத்தான் சொல்லும். எப்போது தொட்டார் என்பதை நம்பகமாகச் சொல்லும் வழி இல்லை. கடையில் வாங்கிய பாட்டிலில் கடைக்காரரின் ரேகையும் இருக்கும்.

ஃபால்ட்ஸின் கடைசி ஆண்டுகள் மகிழ்ச்சியானவையல்ல. 1905லும் 1912லும் 1923லும் விரல் ரேகை பற்றி நூல்கள் வெளியிட்டார். முதல் நூலைக் கால்டன் நேச்சர் இதழில் கடுமையாக விமர்சித்தார். ஃபால்ட்ஸும் பதிலுக்குப் பதில் எழுதினார். ஹெர்ஷல் மீது அவர் வீசிய சொற்களில் சில அளவு மீறியவை. பெருந்தன்மை ஹெர்ஷலிடமிருந்தே வந்தது. 1917இல், தாம் மறைந்த அதே ஆண்டில், குற்றப் புலனாய்வுக்கு ரேகையைப் பயன்படுத்தலாம் என்று முதலில் எடுத்துக் கூறியவர் ஃபால்ட்ஸ்தாம் என்று அவர் நேச்சர் இதழிலேயே ஒப்புக்கொண்டு எழுதினார். ஆனால் அரசிடமிருந்து எந்த அங்கீகாரமும் வரவில்லை. 1922இல் தம் மருத்துவத் தொழிலை விற்றுவிட்டு உல்ஸ்டன்டன் ஊரில் குடியேறிய ஃபால்ட்ஸ், 1930 மார்ச் 24ஆம் நாள், 86ஆம் வயதில், மனக்குறையோடே காலமானார்.

1938இல் ஜார்ஜ் வில்டன் என்ற ஸ்காட்லாந்துச் சட்ட அறிஞர் ஃபால்ட்ஸின் உரிமையை நிலைநாட்ட நூலொன்று எழுதினார். ஆயினும் அவருடைய அடக்கத்தலம் பராமரிப்பின்றிக் கிடந்தது. 1987இல் அமெரிக்க ரேகை நிபுணர்கள் இருவர் அதைத் தேடிக் கண்டு சீரமைத்தனர். பின்னர் உல்ஸ்டன்டனில் அவருக்கு நினைவுப் பலகையும் பதிக்கப்பட்டது. டோக்கியோவின் சுக்கிஜியில், அவருடைய இல்லம் இருந்த இடத்தில், ஜப்பானியர் நட்ட நினைவுக்கல் ஒன்றும் நிற்கிறது.